கோணல் தையல்

"மெதுவாப் பேசும்மா. உங்கம்மா காதுல விழுந்துது, நான் தொலைஞ்சேன்!" என்று சொல்லி, அப்பா சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. பயணப் பையை இறக்கி வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் என்ன ரகசியம்?

வந்ததும் வராததுமாக அவள் கண்ணில் பட்டது, கட்டிலில் விரித்திருந்த ஒட்டுத்துணிப் போர்வைதான். அம்மா ஒரு வருஷமாகத் தைக்கிறாள் என்று போனில் கேட்டதோடு சரி. நேரில் பார்த்ததும் அசந்துபோனாள். அவளுடைய பள்ளிச் சீருடை, அத்தையின் பூப்போட்ட கவுன், பெரியப்பா கோட்டின் உள்துணி, வெளுத்துப்போன திரைச்சீலை எனக் கழித்துப் போட்ட துணியெல்லாம் சதுரம் சதுரமாகப் புது அவதாரம் எடுத்திருந்தது. நானூறு துண்டாவது இருக்கும். ஒன்றையொன்று முறைத்துக்கொள்ள வேண்டிய நிறங்கள், நெருங்கிய சொந்தக்காரர்கள் மாதிரி ஒட்டி உட்கார்ந்திருந்தன. தையலோ எறும்பு வரிசை. மெஷின் தையலோ என்று திருப்பிக்கூடப் பார்த்தாள். அத்தனையும் கைத்தையல்.

"அம்மா, உன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு!" என்று அவள் கொண்டாடியபோது, அம்மா "போடி" என்று வெட்கப்பட்டாள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்கப்பா, என்ன விஷயம்?" என்று சமையலறையில் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தத் தையல் அம்மாவோடது இல்லம்மா. என்னோடது."

"விளையாடாதீங்கப்பா! நீங்க வாட்ச் ரிப்பேர் பண்றவர். ஒரு பட்டன் அறுந்தாலே சட்டையோட அம்மா முன்னாடி போய் நிப்பீங்க."

"போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தேன் இல்லையா? அந்தக் கவலையிலயே அவ கை போயிடுச்சு. காலையில உக்காந்து ஆசை ஆசையா ரெண்டு வரிசை தைப்பா. பார்த்தா கோணல்மாணலா இருக்கும். அது அவ கண்ணுக்கே தெரியல, பாவம். 'எப்படி இருக்கு?'ன்னு கேப்பா. 'பிரமாதம்'னு சொல்லிடுவேன். மத்தியானம் அவ தூங்கினதும் கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு, எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி தைச்சு வச்சுடுவேன். முதல்ல ஊசியைப் பிடிக்கவே வரல. நாலு தையலுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. குத்தாத விரல் இல்ல. போகப் போகப் பழகிடுச்சு."

"ஒரு வருஷமாவா?"

"ஒரு நாள் விட்டதில்ல."

மகள் அப்பாவின் விரல்களையே பார்த்தாள். இந்த மனிதரையா அம்மா மூச்சுக்கு முந்நூறு தரம் 'கல்லுளிமங்கன்' என்கிறாள்?

"அப்புறம் ஏம்ப்பா முகம் இப்படி இருக்கு?"

"நாளைக்குக் கைவேலைக் கண்காட்சி. இந்தப் போர்வையைப் போட்டியில வைக்கறதா உங்கம்மா படிவம் குடுத்துட்டா. தைச்சவங்க மேடையில உக்காந்து எல்லார் முன்னாடியும் ஒரு சாண் தைச்சுக் காட்டணும்னு இப்பத்தான் போன் வந்துது. அத்தனை பேர் நடுவுல அவ மானம் கப்பலேறிடும்மா. நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லித் தடுக்கணும். நான் செஞ்சது மட்டும் தெரியவே கூடாது. மனசு உடைஞ்சிடுவா."

கடைக்குப் போகிற சாக்கில் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"அம்மா... நாளைக்கு நீ அங்கே போகத்தான் வேணுமா? மேடையில தைக்கச் சொல்வாங்களாம். உனக்குக் கண்ணு, கையெல்லாம் முன்ன மாதிரி..."

அம்மா வாசற்பக்கம் எட்டிப் பார்த்தாள். "உங்கப்பா உளறிட்டாராக்கும்!"

மகள் திருதிருவென்று விழித்தாள்.

அம்மா ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். ஒரே முயற்சியில் ஊசியில் நூலைக் கோத்தாள். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, துணியைப் பார்க்காமலே, சரசரவென்று ஒரு சாண் தைத்து நீட்டினாள். அளவுகோல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி இருந்தது.

"அம்மா! அப்ப அந்தக் கோணல் தையல்?"

"பக்கவாதத்துல அவர் வலது கை மடங்கிப்போச்சே, நீதான் பார்த்தியே! விரலுக்குத் தினமும் வேலை குடுக்கணும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். ரப்பர் பந்தைக் கையில குடுத்தா ஜன்னல் வழியா விட்டெறிஞ்சார். 'வாட்ச் முள்ளைத் தொட முடியாத கை இருந்தா என்ன, போனா என்ன'ன்னு சுவரைப் பார்த்துப் படுத்துட்டார். தனக்காக ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டார். எனக்கு ஒண்ணுன்னா பொறுக்க மாட்டார். அதான், கோணலாத் தைச்சு அவர் கண்ணுல படற இடத்துல வச்சேன். நேராத் தைச்சுப் பழகின கைக்குக் கோணலாத் தைக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமாடி?"

"அப்ப மத்தியானத் தூக்கம்?"

"எனக்கு என்னைக்குடி மத்தியானத்துல தூக்கம் வந்திருக்கு? ஊசி குத்தி அவர் 'ஸ்ஸ்'னு கையை உதறும்போதெல்லாம், எழுந்து ஓடணும்னு இருக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருப்பேன்."

மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அப்பாவின் கவலை ஞாபகம் வந்தது.

"நீ இவ்வளவு நல்லாத் தைக்கறதை நாளைக்கு மேடையில பார்த்தா அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோயிடுமேம்மா!"

"நான் எதுக்குடி மேடை ஏறறேன்?" அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "படிவத்துல 'தைத்தவர் பெயர்'னு கேட்ட இடத்துல, உங்கப்பா பேரைத்தானே எழுதிக் குடுத்திருக்கேன்!"