கயிறு பிடித்தவனுக்குக் கறிமீன்

“அதில இராதை பிள்ளை. சட்டையில எண்ணெய் பிரளும்.”

மீன் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய வலைக் குவியலில் உட்காரப்போன சுவேதினி நிமிர்ந்துகொண்டாள். அவள் பிரதேச சபைக் கந்தோரில் வேலை பார்ப்பவள். தடுத்தவர் எட்வேட். வயது எழுபத்தெட்டு, மணலில் குந்தியிருந்தார். மீன்பிடிப் போட்டுக்காரன் ரொபின்சன் அந்தக் குவியலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“வடிவாக் கேளுங்கோ ஐயா,” என்றாள் சுவேதினி. “போட்டைக் கரையில ஏத்துற இழுவை மிசின். சபை சும்மா தருது. அந்தப் பூவரசுக்குக் கிட்டச் சீமெந்துக் கட்டுக் கட்டி, அதில பூட்டி விடுவம். ஆரும் கழட்டேலாது. ஆனால் கரையில எல்லாரும் ஓமெண்டால்தான் தரலாம். மற்றவை பேசாமல் நிக்கினம். நீங்கள் மட்டும்தான் வேண்டாமெண்டுறியள்.”

“முந்தி இந்தக் கரைக்குக் கக்கூஸ் கட்டினீங்கள். பூட்டுப் போட்டீங்கள். திறப்பு எங்க?”

“அது கந்தோரில இருக்கு.”

“அவசரமெண்டால் கந்தோருக்கு ஓடி வரவோ?”

கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எட்வேட் சிரிக்கவில்லை.

“குந்தி இருக்க வாங்கு போட்டீங்கள். கழுதையள் முதுகு தேய்க்குது. லைட் போட்டீங்கள். திருநாள் முடிய லைட்டும் முடிஞ்சுது. இப்ப மிசின்.”

“மிசின் வந்தால் உங்களுக்கென்ன நட்டம் ஐயா? உங்களிட்டப் போட்டே இல்லை.”

“அதுதான் நட்டம்.”

சுவேதினிக்கு விளங்கவில்லை. ரொபின்சன்தான் சொன்னான். அந்தக் கரையில் ஒரு வழக்கம். போட்டை இழுக்க யார் கயிறு பிடித்தாலும் கறிக்கு ஒரு மீன் கொடுக்க வேண்டும். பிடித்தவர் கேட்க வேண்டியதில்லை. வாங்கினால் தலை குனியவும் வேண்டியதில்லை.

“இந்தியா அகதி முகாமால திரும்பி வந்து இறங்கேக்க எங்களிட்டச் சட்டிகூட இல்லை,” என்றார் எட்வேட். “ஒருத்தரிட்டையும் கை நீட்டேல்லை. இந்தக் கயிறைப் பிடிச்சன், வீட்டில கறி கொதிச்சுது. இண்டைக்கும் அப்பிடித்தான். மிசின் வந்தால் கயிறு பிடிக்க ஆள் வேணுமோ?”

“பிடிக்காட்டிலும் உங்களுக்கு ஒரு மீன் தரமாட்டினமோ?”

“சும்மா தாற மீனைப் பூனைக்குப் போடச் சொல்லு.”

சுவேதினி மற்றவர்களைப் பார்த்தாள். “நீங்களாவது வாய் திறவுங்கோ. விடத்தல்தீவுக் கரையில இதைக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போய் இருக்கினம். இங்க வேண்டாமெண்டால் அங்க போயிடும்.”

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“எங்களுக்கும் வேண்டாம் தங்கச்சி,” என்றான் ரொபின்சன். “அங்கயே குடுங்கோ.”

அதற்குள் ரொபின்சனின் ஆட்கள் ஓட்டிவந்த போட்டு கரை தட்டியது. எல்லோரும் கயிற்றில் சேர்ந்தார்கள். எட்வேட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாகப் பிடித்தார். போட்டு மணலில் ஏறியது. அவர் கால் இரண்டு இடத்தில் இடறியது. பக்கத்தில் நின்றவன் பார்க்காததுபோல் அவர் இடுப்பைத் தாங்கினான்.

ரொபின்சன் ஒரு விளைமீனை எடுத்துக் கொடுத்தான். எட்வேட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் கண்ணை அமுக்கிப் பார்த்தார்.

“நேற்றையது இதைவிடப் பெரிசு,” என்றார்.

“நாளைக்குப் பெரிசாத் தாறன் பெரியப்பா.”

“நாளைக்குப் பாப்பம்.” மீனைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கமாக நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் சுவேதினி பொரிந்தாள். “ஒரு மனிசருக்காக முழுக் கரையும் முதுகு முறியிறியளோ? இன்னும் எத்தனை போட்டு வரக் கிடக்கு?”

“நாலு.” ரொபின்சன் வலைக் குவியலுக்குப் போய் ஒரு பக்கத்தைத் தூக்கினான். உள்ளே எண்ணெய் வடிய ஒரு இழுவை மிசின் இருந்தது. “போன திருநாளுக்கு எல்லாரும் சேர்ந்து வாங்கினது. முதல் போட்டைக் கையால இழுப்பம். பெரியப்பா மீனோட போவார். மிச்சத்தை இது இழுக்கும்.”

சுவேதினி குனிந்து பார்த்தாள். “அவருக்குத் தெரியாதோ?”

“கண் மங்கல். சத்தம் கேட்டாலும் போட்டு எஞ்சினெண்டு நினைப்பார். ஆரையும் நம்பாத மனிசன், ஆனால் இது தெரியாது. தெரிஞ்சால் அண்டைக்கே கரைக்கு வாறதை விட்டிடுவார்.”

வீட்டுக் கிணற்றடியில் எட்வேட்டின் மனைவி மாக்கிறட் விளைமீனைச் செதில் தட்டிக்கொண்டிருந்தாள். கரையிலிருந்து மிசின் இரையும் சத்தம் வந்தது.

“துவங்கிற்றாங்கள்,” என்றாள்.

“ஓம். எண்ணெய் ஒழுகுது. ஒருக்காக் கழட்டிப் பாக்க வேணும், கவனிக்கிறாங்களில்லை,” என்றார் எட்வேட்.

“அவங்களிட்டத்தான் ஒண்டு இருக்கே. பிறகேன் அந்தச் சபைப் பிள்ளை தாறதை வேண்டாமெண்டனீங்கள்?”

எட்வேட் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

“வலைக்குக் கீழ கிடக்கிறதை நான் காணாமல் இருக்கலாம். சீமெந்தில பூட்டினதை எப்பிடியப்பா காணாமல் இருக்கிறது?”