விருந்தாளி தலையாட்ட வேண்டும்

“சின்ன லுவோ, சட்டத் திருத்தம் எப்போ அமலுக்கு வருது?” வனவிலங்குத் துறை இயக்குநர் சியூ காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, சார்.”

“அதுக்கு முன்னாடி வராதே?”

“வராது சார்.”

உதவியாளர் லுவோ பெய்ஜென்னுக்கு மனசு நிறைந்துவிட்டது. குழந்தை மாதிரி அழுகிற ராட்சத நீர்ப்பல்லிக்கு ஊரில் ‘குழந்தை மீன்’ என்று பெயர். அது ஒரே இனமல்ல, ஐந்து இனம் என்று விஞ்ஞானிகள் பிரித்துவிட்டார்கள். பாதுகாப்புச் சட்டத்திலோ ஒரு இனத்தின் பெயர்தான். மற்ற நான்கையும் எவனும் பிடிக்கலாம். திருத்தம் கேட்டு அவள் வருடக்கணக்கில் அலைந்தபோது கொட்டாவி விட்ட மனிதருக்கு, இப்போதாவது இவ்வளவு அக்கறை!

சாயங்காலம் அவளுக்குப் பாராட்டு விருந்து. உயிர்களின் அருமை பற்றி இயக்குநர் உருகி உருகிப் பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும் எங்கோ குழந்தை அழும் சத்தம். சமையல்காரர் வாளியோடு வந்தார். உள்ளே உயிரோடு ஒரு குழந்தை மீன்.

“நாளைக்குத் தொட்டா ஜெயில். இன்னைக்கு நம்ம ஆத்து மீனுக்குச் சட்டமே கிடையாது!” இயக்குநர் கண்ணடித்தார். “தலைமை விருந்தாளி நீதான். பாத்துட்டுத் தலையாட்டும்மா, அடுப்பு காத்திருக்கு.”

விருந்தாளி தலையாட்டாமல் சமையல்காரர் கத்தியைத் தொடக் கூடாது. விருந்தாளி பேசினால் யாரும் குறுக்கிடவும் கூடாது. விருந்து மரியாதை அப்படி.

பெய்ஜென் வாளியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

“அதுக்கு முன்னாடி நானும் ரெண்டு வார்த்தை பேசிடறேன் சார். சட்டத்தோட முதல் பிரிவுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.”