எட்டாம் கட்டில் பாவாடை

பின்திரைக்குக் கீழே அவள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு நூல் நுனிகள் கைக்கு வந்துவிட்டன.

எட்டாவது இன்னும் துரைசானியின் முழங்காலுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

ஆடட்டும். மேடையில் பேச்சு இப்போதைக்கு முடியாது.

திரைக்கு அந்தப் பக்கம் ரயில்வே காலனி இன்ஸ்டிட்யூட் மேடை. பாலே நடனம் முடிந்து, எட்டு வெள்ளைக்காரிகள் திரைக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு இடுப்பிலும் விறைப்பான வெள்ளைப் பாவாடை. சாப்பாட்டுத் தட்டை நடுவில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டது மாதிரி.

அதற்கு டூட்டூ என்று பெயராம். தைத்தவள் தட்டுப் பாவாடை என்றுதான் சொல்வாள்.

தைத்தவள் அவள்தான். ஆஸ்பத்திரித் தையல்காரி.

போன மாதம் வரை அந்த எட்டும் காய்ச்சல் வார்டில் கொசுவலையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

சண்டைக்காலம். சீமையிலிருந்து வலைத்துணி வரும் கப்பல் நின்றுபோயிற்று. டான்ஸ் நடத்தும் துரைசானி வார்டுக்குள் வந்து எட்டுக் கட்டிலையும் அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கினாள்.

நோயாளிகளைப் பார்த்து அல்ல.

நடனம் எதற்கு? பர்மா எல்லையில் நிற்கும் சிப்பாய்களுக்கு நிதி திரட்ட.

நிதியில் என்ன வாங்குவார்கள்?

கொசுவலை.

இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் பெரிய டாக்டர். வலையைக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

எட்டாம் கட்டிலில் அவளுடைய மகள் செவந்தி. ஏழு வயது. விட்டுவிட்டு வரும் குளிர்க்காய்ச்சல். கொயினா மாத்திரை எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டது. "இனிமே ஒரு கொசு இவளைக் கடிக்கக் கூடாது, பாத்துக்க" என்று சின்ன டாக்டர் சொன்னார். அவர் சொன்ன மறுநாள்தான் வலையை அவிழ்த்தார்கள்.

அவிழ்த்த கையும் தையல்காரியுடையதுதான். உத்தரவு.

"எப்பம்மா திரும்ப வரும்?" என்று துரைசானியிடம் கேட்டாள்.

"சண்டே. டான்ஸ் முடிஞ்சா வலை எல்லாம் வார்டுக்குப் போறான்" என்றாள் துரைசானி. அவள் தமிழில் கொசுவலையும் ஆம்பளைதான்.

தையல்காரி நம்பினாள். அதனால்தான் துணியில் கத்தரி வைக்கவில்லை. வெட்டாமல் மடித்து, சுருக்கி, கஞ்சி போட்டு நிமிர்த்தி, இடுப்பில் அரிசி மூட்டையின் வாய்க்குப் போடுகிற தையலைப் போட்டாள். நுனியைப் பிடித்தால் மொத்தமும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். நுனிகளை நீளமாகவே விட்டுவைத்தாள். வெள்ளை நூல், வெள்ளைக் காலில் யாருக்கும் தெரியவில்லை.

"ஏண்டி, ஆடுறப்ப அவுந்து விழுந்துட்டா?" என்று கேட்டாள் வார்டு ஆயா சூசையம்மாள்.

"உள்ள அரைக்கால் சட்டை இருக்குக்கா. அதையும் நான்தான் தச்சேன். அதுக்கு ரெட்டைத் தையல்."

சூசையம்மாள் இந்த நேரம் எட்டாம் கட்டிலில் உட்கார்ந்து முறத்தால் வீசிக்கொண்டிருப்பாள். கை ஓயும்வரை வீசுவாள். அதற்கப்புறம்?

இன்று சண்டே.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால்கூட நூலைத் தொடும் எண்ணம் அவளுக்கு இல்லை. காலிக் கூடையோடு திரைக்குப் பின்னால் காத்திருந்தாள். கீழே இறங்கட்டும், வாங்கிப் பிரிப்போம், விளக்கு வைக்குமுன் எட்டுக் கட்டிலிலும் மாட்டிவிடுவோம்.

துரைசானி இங்கிலீஷில் ஒரு வரி பேசினாள். ஹெட் கிளார்க் சபாபதி அதை மூன்று வரித் தமிழாக்கிப் பின்வரிசைக்கு வீசினார்.

"மகத்தான வெற்றி!"

கைதட்டினார்கள். பாதி கைதட்டல். மீதி கொசு. முன்வரிசையில் பெரிய டாக்டர் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார். துரைசானி அவருக்குத் தனியாகத் தலைவணங்கினாள்.

"அடுத்த ஞாயிறு மதுரையிலே! அதற்கடுத்து கோயம்புத்தூரிலே! யுத்தம் முடிகிற வரைக்கும் இந்த உடைகளுக்கு ஓய்வில்லை என்று துரைசானி அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள்!"

அவளுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி இங்கிலீஷிலும் ஒன்றும் வரவில்லை. தமிழிலும் வரவில்லை.

கூடையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டது அப்போதுதான்.

துரைசானி கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். பாவாடையின் விளிம்பில் ஒரு நீலத் தையல் தெரிந்தது. செவந்தி விரல் விட்டுக் கிழித்த இடம். அம்மாக்காரி ஒட்டுப் போட்டது.

எட்டாவது நுனி வந்தது.

எட்டையும் சேர்த்து ஒரே முடிச்சு. கையில் இரண்டு சுற்று.

இழுத்தால் வேலை போய்விடும். அவள் இழுக்கப் போவதில்லை. நாளைக்கு எந்த டாக்டர் கூப்பிட்டுக் கேட்டாலும், எந்தச் சாமி முன்னால் நிறுத்தினாலும், நான் இழுக்கலை என்று கற்பூரத்தை அடித்துச் சொல்வாள்.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

பியானோ ஒலித்தது.

"இப்பொழுது கலைஞர்கள் நான்கு எட்டு வைத்து முன்னே வந்து, சபைக்கு வணக்கம் செலுத்துவார்கள்!" என்றார் சபாபதி.

ஒரு கொசு வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

அடிக்கக் கை இல்லை.

கடிக்கட்டும் என்று விட்டாள்.