ஆறாம் நாள் படகு

தூண்டில் கம்பு வளைந்ததும் அவர் படகிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க சார். மீனை விட்டுட்டு உங்களைத் தூக்க வேண்டியதாயிடும்" என்றார் படகுக்காரர், துடுப்பை விடாமல்.

உட்கார்ந்தாரே தவிர, அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எதிர்ப் பலகையில் அவருடைய மனைவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். பாதி வாழ்க்கை இருட்டுக் குழிகளுக்குள், இரும்புக் கயிற்றுக்கும் கிரீசுக்கும் நடுவே கழிந்துவிட்டது. ஊர் பார்க்க என்று ஒரு நாள் விடுப்பு எடுத்தவர் இல்லை.

இந்த ஆறு நாளில் அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

முதல் நாள் மலைப்பாதையில் நாலு மைல் ஏறினார்கள். மூச்சு வாங்கினாலும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டாம் நாள், கீழே ஒரே ஒரு தெரு உள்ள சின்ன ஊரில், கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்றார். மூன்றாம் நாள் நல்ல மழை. அதையும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார்.

எல்லாம் மகன் போட்ட திட்டம். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பையன், எந்த ஏரியில் எந்த நேரத்தில் வெயில் இறங்கும் என்பது வரை விசாரித்து வைத்திருந்தான்.

அவர்களுக்காக அல்ல.

வந்திறங்கிய அன்று அறைக் கதவைத் திறந்தால், மெத்தை நடுவே ரோஜா இதழ்களை இதயம் போலப் பரப்பி வைத்திருந்தார்கள். தலையணையில் ஒரு அட்டை: புதுமணத் தம்பதிக்கு வாழ்த்துக்கள். அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். 'வாழ்த்துகள்' என்பதில் ஒற்று மிகுந்திருந்ததுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது. அவர் இதழ்களைச் செய்தித்தாளில் அள்ளி, எங்கே போடுவது என்று தெரியாமல் அலமாரிக்குள் வைத்து மூடினார்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மணப்பெண் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. மகன் அவள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டும் சொல்லவில்லை. அறையை ரத்து செய்ய அவனுக்கு மனசு வரவில்லை. "நீங்களாவது போயிட்டு வாங்கப்பா. அம்மாவும் நீங்களும் சேர்ந்து எங்கயும் போனதே இல்லையே" என்று சீட்டுகளை அவர் கையில் திணித்துவிட்டான்.

மீன் படகுக்குள் வந்து விழுந்தது. முழங்கை நீளம் இருக்கும். அவர் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவள் படம் எடுத்தாள். அவர் சொன்னபடி மகனுக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. அப்பா இப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை, அம்மாவையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று.

"கொஞ்சம் சிரியேன். பையன் பாக்கப் போறான்" என்றார்.

அவள் சிரித்தாள்.

படத்தை அனுப்பிவிட்டு அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கமான பையன். அந்தப் பொண்ணுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ. நம்ம வீட்டுல அவளை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்போமா?"

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அழைப்பிதழைப் பிழை திருத்திக் கொடுத்ததே அவள்தான். ஒரு புள்ளி தப்பவில்லை. மணமகளின் பெயரை மட்டும் நாலு தரம் படித்தாள். மகனைவிட மூன்று வயது மூத்தவள். ஏற்கெனவே ஒரு முறை மணமாகி விலகியவள். இன்னும் இரண்டு நாளில் அச்சேறிவிடும். அப்புறம் சொந்தபந்தம் முழுக்கப் படிக்கும்.

மறுநாள் மதியம், அந்தப் பெண் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு அவள் யாரிடமும் சொல்லாமல் போனாள். சும்மா நிற்க வேண்டாமே என்று இருமல் மருந்து கேட்டாள். அந்தப் பெண் மருந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் சொன்னாள்.

"உன்மேல பாவப்பட்டுத்தாம்மா அவன் ஒத்துக்கிட்டான். இப்ப எப்படி விலகறதுன்னு தெரியாம தூக்கமில்லாம கெடக்கான். அவன் வாயால சொல்ல மாட்டான்."

அதில் உண்மை ஒன்றே ஒன்றுதான். அவன் தூங்காமல்தான் இருந்தான். இந்த ஏரிக்கரையில் எந்த அறை ஜன்னலிலிருந்து விடியல் தெரியும் என்று தேடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், பொய் அங்கேயே உடைந்திருக்கும். அவள் கேட்கவில்லை. அழவும் இல்லை. மருந்துப் புட்டியைக் காகித உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வெறும் வயித்துல குடிக்காதீங்க, அத்தை."