ஆளுக்கொரு காது

ராமசுப்பிரமணியன் செட்டியார் சொந்த வீட்டிலேயே திருடிவிட்டு, திருட்டுப் பொருளைப் பையில் வெற்றிலைக் கட்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். அறுபது வயதில் இதுதான் முதல் திருட்டு. முகத்தை மட்டும் ரொம்ப நாள் தொழில் பழகியவர் போல வைத்துக்கொண்டார்.

பைக்குள் இருந்தது மகன் முத்துராமனின் ஹெட்போன். கல்யாணச் சீரோடு வந்த சின்ன ரேடியோப் பெட்டிக்கு உரியது. பெட்டி தானாகப் பேசாது, இதைக் காதில் வைத்தால்தான் திருச்சி ஸ்டேஷன் கேட்கும்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும். மகன் ஒரு பக்கத்தையும் மருமகள் சொர்ணவல்லி மறு பக்கத்தையும் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அது ஒரே தலைக்குச் செய்தது என்பதால், இரண்டு பேர் கேட்டால் இரண்டு தலையும் ஒட்டித்தான் இருக்க வேண்டுமாம். விஞ்ஞானமே அப்படிச் சொல்லும்போது பெரியவர்கள் என்ன செய்ய முடியும்?

பத்தொன்பது பேர் புழங்கும் வீடு. பகல் வெளிச்சத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் நின்றாலே நாலு பேர் இருமுவார்கள். அந்த வீட்டில் சின்னஞ்சிறுசுகளுக்குக் கிடைத்தது இந்த ஒரு மணி நேரம்தான், அதுதான் செட்டியாருக்குப் பொறுக்கவில்லை. பொறாமை என்று நாம் சொன்னால் சண்டைக்கு வருவார். அவர் அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தார்.

அவருடைய ஒழுங்கில் யாரும் குறை சொல்ல முடியாது. பாதி ஆயுசு பர்மாவில் தொழிலோடு போயிற்று. ஊர் திரும்பிய பிறகு மனைவி ஆவுடையாளோடு அவர் பேசியதெல்லாம் "சாப்பாடு ஆச்சா?" என்பதுதான். அந்த அம்மாளும் "ஆச்சு" என்பாள். அதற்கு மேல் பேச ஆசை வந்தாலும் எப்படி ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியாது. ஏதாவது அவசரம் என்றால் சமையல்காரர் மூலம் சொல்லி அனுப்புவார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தபோதே மகனிடம் கேட்டார்.

"ஊருக்குக் கரண்டு வந்து வருசம் ஒண்ணாச்சு. பெரிய ரேடியோவா வாங்கிருவமா?"

"நல்லாத்தானே ஓடுது, அப்பச்சி. எதுக்கு மாத்தணும்? பெரிய ரேடியோன்னா சத்தம், ஒங்க தூக்கம் கெட்டுப் போகும்."

அப்பன் தூக்கத்தின் மேல் பிள்ளைக்கு அவ்வளவு கரிசனம்! "எங்கே, நானும் ஒரு தடவை கேக்குறேன், குடு" என்று கை நீட்டினார்.

"வேணாம் அப்பச்சி. பழக்கமில்லாதவுக வச்சா காது இரைஞ்சு போகுமாம்."

"இப்ப என்ன சொல்றாக அதுல?"

"நெலக்கடலை வெலை சொல்றாக."

பக்கத்தில் சொர்ணவல்லி முகம் சிவந்து, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். நிலக்கடலை விலைக்கு ஒரு பெண் இப்படி வெட்கப்பட்டு செட்டியார் பார்த்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். இதைக் கடையில் கொடுத்துவிட்டு ஊரே கேட்கிற ரேடியோவாக வாங்கி நடு வீட்டில் வைத்துவிட வேண்டும். பத்தொன்பது பேரும் சுற்றி உட்கார்ந்தால் இரண்டு தலையும் தானாக விலகிவிடும்.

இன்று இருவரும் குடுமியான்மலைக் கோயிலுக்குப் போயிருந்தார்கள், உறவுக்காரர் ஆறு பேர் காவலோடு. செட்டியார் கை வைத்துவிட்டார்.

கீழ ராஜ வீதியில் ரேடியோக் கடை ரெங்கராஜ் எழுந்து வரவேற்றார். பளபளவென்று மரப்பெட்டியில் ஒரு ரேடியோவைக் காட்டினார்.

"நாலு வீட்டுக்குக் கேக்குமா?"

"திருமயம் கோட்டைக்கே கேக்குங்க."

செட்டியாருக்குப் பரம திருப்தி. பையிலிருந்து ஹெட்போனை எடுத்து நீட்டினார். ரெங்கராஜ் காதில் வைத்தார், தட்டினார், மூடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தார்.

"செட்டியாரே, இதுல கடைசியா எப்பக் கேட்டீங்க?"

"நேத்துக்கூட மகனும் மருமகளும் ஒரு மணி நேரம் கேட்டாகளே!"

"இதுலயா? ரெண்டு பக்கமும் கம்பி அத்து, களிம்பு ஏறிக் கெடக்குங்க. ஒரு வருசமா இது மூச்சே விட்டிருக்காது."

ஏமாற்றிவிட்டார்களே என்று செட்டியாருக்கு முதலில் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பு வந்தது. கடைசியாக வந்தது துக்கம். அதைக் கடைக்காரர் பார்க்காமல் எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

"அப்ப பெரிய ரேடியோவைக் கட்டிரவா?"

"வேணாம்."

"இதுக்குப் புதுக் கம்பி சுத்தித் தரட்டுமா? நல்லாக் கேக்கும்."

"அதைத் தொடாதீக!" வெடுக்கென்று பிடுங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். எழுந்து வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"அங்கிட்டு ஆணியில தொங்குதே, அது என்ன?"

"அதுவும் ஹெட்போன்தானுங்க. முழுச் செவிடு. குப்பையில போட வச்சிருக்கேன்."

"அதைக் கட்டுங்க, ஆவுடையாளும் நானும் கேக்கணும்."