எரியாத பச்சை விளக்கு

சர்க்யூட் போர்டில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை, அதை இயக்கத் தொடங்கும் பூட்லோடர் டிரைவர் என்ற மென்பொருளுக்குப் புரியும்படி கம்பைல் செய்து, கணினியிலிருந்து கேபிள் வழியாக போர்டில் ஏற்றுவது அந்த எஞ்சினியரின் வேலை. சரியாகச் செய்தால் போர்டில் பச்சை விளக்கு எரியும். எரிந்தால்தான் தங்கை கல்யாணத்துக்கு லீவு.

மூன்று நாளாக எரியவில்லை.

"இன்னுமாப்பா?" என்றார் மேனேஜர்.

"விவரமெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. என் நேரம்தான் சரியில்ல."

தடுப்புக்கு அப்பாலிருந்து பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "நீயாவது பரவாயில்ல. எனக்கு வர்ற போர்டெல்லாம் கோளாறு. மூணைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"என்ன கோளாறு?"

"நான் ஒண்ணுமே பண்ணல. பச்சை விளக்கு தானா எரியுது."

மேனேஜர் குனிந்து பார்த்தார். அவனுடைய கேபிள் தடுப்புக்கு அடியில் நுழைந்து அவள் போர்டில் முடிந்திருந்தது.

"லீவு எடுத்துக்கப்பா," என்றார். "கல்யாண வீடாவது சரியான வீடான்னு பார்த்துட்டு உள்ள போ."