ஐந்தாம் மேசை

"மேடம், அஞ்சாம் மேசையில சண்டை! உப்பு ஜாடியை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கிறாங்க!"

சமையலறைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்த மனூபியாவுக்கு மூச்சு வாங்கியது.

எம்னா கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. சட்டென்று குனிந்துகொண்டாள்.

"அவங்களை யாரு அங்க உட்கார வெச்சது?"

"நான்தான். வாசல்லயே ஆரம்பிச்சிட்டாங்க. 'தள்ளுற கதவைப் போய் இழுக்கிறியே, இன்னுமா திருந்தல?'ன்னு அந்தம்மா. 'நீ வழியில நின்னா எப்படித் தள்றது?'ன்னு அவரு. பின்னால மழையில நாலு பேர் நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க. பேரைக்கூடக் கேக்காம உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்."

"பேரைக் கேக்கலையா? பேரைக் கேட்டு மேசைப் பட்டியலைப் பார்க்கணும், மூணு மாசமா முதல் பாடமே அதுதானே!"

மனூபியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கெஃப் நகரின் மலைச்சரிவில், பழைய தபால் நிலையத்தைப் புதுப்பித்து உருவாகியிருந்தது அந்த விடுதிப் பணிப் பயிற்சி மையம். துனீசியாவுக்கு வருகிற பயணிகளெல்லாம் கடற்கரைக்குத்தான் ஓடுகிறார்கள். தப்பித் தவறி மலைக்கு வருகிறவர்களும் ஒழுங்கான சாப்பாடும் படுக்கையும் இல்லாமல் அன்று மாலையே இறங்கிவிடுகிறார்கள். அதை மாற்றிக் காட்டுகிறேன் என்று ஹம்மாமெத்தில் பெரிய ஹோட்டல் வேலையை உதறிவிட்டு வந்தவள் எம்னா.

இன்று ஒத்திகை விருந்து. விருந்தாளிகள் எல்லாரும் மையத்தில் ஆளுக்குச் சிலராக அழைத்த தெரிந்தவர்கள், ஒருவரைத் தவிர. அமைச்சகத்தின் ஆய்வாளர் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் மையத்துக்கு அனுமதி. இல்லாவிட்டால் மையத்துக்குப் பூட்டு, மாணவி மனூபியாவுக்குத் தலைநகரில் தையல் ஆலை வேலை. விருந்து முடியும்வரை பயிற்சியாளரான எம்னா கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"அவங்கதான் ஆய்வாளருங்க" என்றான் அடுப்படியில் நின்ற லஸ்ஸாத். "ஒருத்தர் வம்பு இழுப்பாரு, இன்னொருத்தர் நாம என்ன பண்றோம்னு பார்ப்பாங்க. மேடம் மூஞ்சியைப் பாரு, தெரியல?"

எம்னா மனூபியாவின் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினாள். "போ மனூபியா, எப்படியாவது சமாளி. ரெண்டு பேரும் பாதியில எழுந்து போயிடக் கூடாது. அது போதும்."

கூடத்தில் உப்பு ஜாடி இப்போது அந்தப் பெண்மணியின் கையில் இருந்தது.

"ரத்தக் கொதிப்பை வெச்சுக்கிட்டு உப்பு ஒரு கேடா, மோன்ஜி?"

"ஷெத்லியா, என் ரத்தம் கொதிச்சது உப்பாலயா?"

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனூபியா தன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ஐயா, சாப்பிட என்ன கொண்டு வரட்டும்?" என்றாள்.

"ஆட்டுக்கறி கூஸ்கூஸ். காரம் தூக்கலா இருக்கணும்."

"காரமா? அப்புறம் விடிய விடிய நெஞ்சைத் தடவிக்கிட்டுக் கிடப்பான். இவனுக்குக் காரமே வேண்டாம்மா."

"என் நெஞ்சு, என் காரம்!"

"எப்படியோ போ. டப்பா மீனைத் தின்னு தின்னு உன் நாக்குதான் செத்துப்போச்சே. எனக்கும் அதேதாம்மா. காரம் இல்லாம."

சமையலறையில் லஸ்ஸாத் அந்தக் கோதுமை ரவைச் சோற்றைப் பரிமாற இரண்டு தட்டுகளை எடுத்தான். மனூபியா அவன் கையைப் பிடித்தாள்.

"பெரிய தட்டுல ஒண்ணாப் போடு. ஹரிஸ்ஸா மிளகாய் விழுதைத் தனிக் கிண்ணத்துல வை. காரம் வேணுங்கிறவர் தொட்டுக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? ஹோட்டல்ல ஆளுக்கொரு தட்டு. ஆய்வாளர் மார்க்கைக் குறைச்சிடுவாரு."

"எங்க வீட்டுல அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டாலும் ஒரே தட்டுலதான் சாப்பிடுவாங்க. வாய் நிறைய சோறு இருந்தா எப்படிக் கத்துறது?"

லஸ்ஸாத் எம்னாவைப் பார்த்தான்.

"அவ சொல்ற மாதிரியே போடு" என்றாள் எம்னா.

தட்டு மேசைக்கு வந்ததும் இருவரும் அதையே பார்த்தார்கள்.

"ஒரே தட்டா?" என்றாள் அந்தப் பெண்மணி.

போச்சு, எழுந்துவிடப் போகிறாள் என்று மனூபியா நினைத்தாள். அதற்குள் அவர் கரண்டியை எடுத்துத் தன் பக்கத்து ஓரத்திலிருந்து சாப்பிடத் தொடங்கினார். சற்றுப் பொறுத்து அவளும் எடுத்தாள்.

அவள் ஒரு நல்லி எலும்பை அவர் பக்கம் தள்ளினாள். "இது உனக்கு" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

அவர் நிமிராமல் சொன்னார். "கொண்டைக்கடலையை எல்லாம் உன் பக்கம் ஒதுக்கி வெச்சிருக்கேன், பாரு."

மூன்று மணிக்கெல்லாம் கூடம் ஏறக்குறைய காலியானது. மூன்றாம் மேசையில் இருமிக்கொண்டே சூப் மட்டும் குடித்த ஒல்லி மனிதர் வாசலோரம் வந்து நின்று, அமைச்சக அட்டையை எடுத்துக் காட்டினார். "பசங்க நல்லா பண்றாங்க. சூப்புதான் இன்னும் கொஞ்சம் சூடா இருக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லஸ்ஸாத் தொப்பியைத் தூக்கி எறிந்தான். பன்னிரண்டு மாணவர்களும் போட்ட கூச்சலில் பாத்திரங்கள் அதிர்ந்தன.

எம்னா மட்டும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஐந்தாம் மேசையில் அந்த இருவரும் மூன்றாவது தடவையாகப் புதினா டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எம்னாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"அதான் அனுமதி கிடைச்சிருச்சே, எதுக்கு மேடம் அழறீங்க?" என்றாள் மனூபியா. "பாருங்க, அவங்க ஆய்வாளருங்களும் இல்ல. வெறும் புருஷன் பொண்டாட்டி சண்டை, தானா அடங்கிருச்சு."

"அவங்க புருஷன் பொண்டாட்டி இல்ல, மனூபியா. பதினோரு வருஷத்துக்கு முன்னால கோர்ட்டுல பிரிஞ்சவங்க. ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கக் கூடாதுன்னுதான் எங்கப்பாவுக்கு ஒண்ணாம் மேசையும், எங்கம்மாவுக்கு எட்டாம் மேசையும் எழுதி வெச்சிருந்தேன்!"